எலும்பு முற்றும் முன்னே: பேஸ்பாலில் ஓர் இளம் பிட்சர் உருவாகும் விதம்

பேஸ்பால் ஆட்டத்தில் பிட்சர் என்று அழைக்கப்படும் பந்தெறியாளருக்கு உள்ள இடம் கிரிக்கெட்டில் எந்த ஆட்டக்காரருக்கும் இல்லை. கிரிக்கெட்டில் ஆறு பந்துகள் முடிந்ததும் பந்து இன்னொருவர் கைக்குப் போய்விடும். பேஸ்பாலிலோ, பயிற்சியாளர் மாற்று ஆளை அனுப்பும்வரை, எதிரணியின் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒவ்வொரு பந்தையும் அதே பிட்சர்தான் எறிகிறார். அவர் ஓடிவந்து வீசுவதில்லை. களத்தின் நடுவே மண்ணைக் குவித்து உயர்த்திய சிறு மேட்டில், பதித்து வைத்த ரப்பர் பட்டை ஒன்றில் ஒரு காலை ஊன்றி, நின்ற நிலையிலிருந்தே எறிகிறார். முழங்கையை மடக்கி நீட்டி எறிவது கிரிக்கெட்டில் குற்றம். இங்கே அதுவே முறை. ஹோம் பிளேட் எனப்படும் 17 அங்குல அகலமுள்ள தட்டுக்கு மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், தரையில் படாமல் பந்து கடந்து சென்றால் அது ஸ்ட்ரைக். அந்தக் கற்பனைச் சட்டத்துக்கு வெளியே சென்று, மட்டையாளரும் மட்டையை வீசாமல் விட்டுவிட்டால் அது பால். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் மட்டையாளர் வெளியேற வேண்டும். நான்கு பால் சேர்ந்தால் அவர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் இடையில் நடக்கும் இழுபறியே பேஸ்பாலின் சாரம் என்பதால், ஆட்டத்தின் சுமை முழுவதும் ஏறக்குறைய ஒரே கையின் மீது விழுகிறது.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கரீபியத் தீவுகளிலும் அந்தக் கை எட்டு அல்லது ஒன்பது வயதிலேயே பணிக்கு வந்துவிடுகிறது. அணியில் யார் பலமாகவும் நேராகவும் எறிகிறார்களோ அவர்களையே பயிற்சியாளர் மேட்டுக்கு அனுப்புகிறார். அவர்கள் வெல்லத் தொடங்கியதும் மீண்டும் மீண்டும் அனுப்புகிறார். ஒரு பிட்சரின் வாழ்க்கையில் விளையும் நன்மைகளும் கேடுகளும் பெரும்பாலும் இந்தப் புள்ளியிலேயே விதைக்கப்படுகின்றன. ஏனெனில் திறமை வெளிப்படும் வயதும் எலும்பு முற்றும் வயதும் ஒன்றல்ல. பெரியவர்கள் கேட்கும் கேள்வி இந்தப் பிள்ளை எவ்வளவு வேகமாக எறிகிறான் என்பது. பிள்ளையின் உடலுக்குப் பொருந்தும் கேள்வியோ அவன் எப்போது, எத்தனை முறை எறியலாம் என்பது. பேஸ்பால் உலகம் இரண்டாவது கேள்விக்கு விடை தேடத் தொடங்கியது மிகவும் தாமதமாகவே.

குழந்தைகளுக்கென்று ஆட்டக்களத்தைச் சுருக்கி அமைக்கும் யோசனை 1939இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் செயலுக்கு வந்தது. கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே அணிகளைக் கொண்டு தொடங்கிய லிட்டில் லீக் என்னும் அமைப்பு இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் உலகக் கோப்பைக்கு நிகரான போட்டி 1947 முதல் அதே வட்டாரத்தில் நடந்துவருகிறது. பெரியவர்களின் களத்தில் பிட்சரின் பட்டையிலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். 1893இல் வகுக்கப்பட்ட இந்தத் தொலைவு இன்றுவரை மாறவில்லை. லிட்டில் லீக்கில், பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அது 46 அடியாகச் சுருங்குகிறது. தளங்களுக்கு இடையிலுள்ள தொலைவும் 90 அடியிலிருந்து 60 அடியாகக் குறைகிறது. மேட்டின் உயரமும் 10 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாகத் தாழ்கிறது. பந்து மட்டும் ஏறக்குறைய அதே பந்துதான்: 5 அவுன்ஸுக்குச் சற்றுக் கூடுதலான எடை, தோலின் மேல் 108 இரட்டைத் தையல்கள்.

இந்தச் சுருக்கத்தால் ஒரு மயக்கமும் உண்டாகிறது. 46 அடித் தொலைவிலிருந்து மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து முடிவெடுக்க மட்டையாளனுக்குக் கிடைக்கும் நேரம், பெரியவர்களின் களத்தில் 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்துக்குக் கிடைக்கும் நேரத்துக்குச் சமம். ஆகவே சக வயதினரைவிட ஒரு முழம் உயரமாக வளர்ந்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பையன் அந்தக் களத்தில் எவராலும் அடிக்க முடியாதவனாகத் தோன்றுவான். பதின்மூன்று, பதினான்கு வயதில் முழுக் களத்துக்கு மாறும்போது அதே பையனின் பந்து மட்டையாளனுக்கு முன்னே நிதானமாக வந்து நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. அதற்குள் மற்றவர்களும் வளர்ந்துவிடுகிறார்கள். 1957இல் மெக்சிகோவின் மான்டெரே நகரத்து ஏழைப் பிள்ளைகளின் அணி லிட்டில் லீக் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வென்றபோது, அந்த அணியின் ஆங்கெல் மசியாஸ் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். இறுதி ஆட்டத்தில் அவ்வாறு நிகழ்ந்தது அந்த ஒரு முறைதான். இரு கைகளாலும் எறிய வல்லவர் என்று பெயர் பெற்றிருந்த அவர் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனபோதிலும், அமெரிக்காவின் உச்சப் போட்டித் தொடரான மேஜர் லீகை எட்டவில்லை. பன்னிரண்டு வயதில் முதலிடத்தில் நிற்பதற்கும் இருபத்திரண்டு வயதில் அங்கே நிற்பதற்கும் உள்ள தொடர்பு பெற்றோர் நம்ப விரும்பும் அளவுக்கு வலுவானதல்ல.

இதையெல்லாம் மதிப்பிட வேண்டுமானால், ஒரு பந்தை எறியும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. பிட்சர் கையால் எறிகிறார் என்பது பாதி உண்மைதான். வலக்கைக்காரர் ஒருவர் இடக்காலை மடக்கி உயர்த்தி, வலக்காலால் பட்டையை உந்தி, தன் உயரத்தை நெருங்கும் அளவுக்கு நீண்ட ஓர் அடியை முன்னே எடுத்து வைக்கிறார். முன்கால் தரையைப் பற்றியவுடன் இடுப்பு திரும்புகிறது. இடுப்பு திரும்பி முடிக்கும் தறுவாயில் மார்பும் தோளும் திரும்புகின்றன. மார்பு முன்னே வந்த பின்பும் கை பின்தங்கி, முன்கை ஏறக்குறைய தரைக்கு இணையாகப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. அந்தக் கணத்தில் தோளின் முன்பக்கத்து நார்களும் தசைகளும் முறுக்கேறி விசையைச் சேமித்து வைத்திருக்கின்றன. பின்னர் அது அவிழும்போது மேற்கை உட்புறமாகச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 பாகையைத் தொடுகிறது. மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளில் மிக விரைவானவற்றுள் இது ஒன்று. முன்கால் ஊன்றியதிலிருந்து பந்து விரல்நுனியை விட்டுப் போகும்வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். காலில் பிறந்த விசை இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் விரலில் வெடிப்பது சாட்டையின் அடியில் கொடுத்த சிறு சுண்டல் நுனியில் ஓசையாக வெடிப்பதை ஒத்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி முந்தியோ பிந்தியோ அசைந்தால், விடுபட்ட விசையை ஈடுகட்டும் பொறுப்பு தோளுக்கும் முழங்கைக்கும் வந்துசேர்கிறது. வயிற்றுத் தசையும் தொடையும் இன்னும் வலுப்படாத சிறுவர்கள் பெரும்பாலும் கையை மட்டுமே நம்பி எறிவதற்கும், களைத்த பிட்சரின் கைக்குத் தீங்கு நேர்வதற்கும் காரணம் இதுவே: கால் முதலில் களைக்கிறது, அதன் வேலையைக் கை ஏற்கிறது.

விசையைத் தோளில் சேமித்து எறியும் இந்த ஆற்றல் மனித இனத்துக்கே உரியது என்றும், ஏறத்தாழ இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஹோமோ எரெக்டஸ் காலத்தில் அதற்கான உடலமைப்பு முழுமை பெற்றது என்றும் நீல் ரோச், டேனியல் லீபர்மேன் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு 2013இல் எழுதியது. வேட்டையில் கல்லும் ஈட்டியும் எறிந்த முன்னோரின் தோள் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் அந்த வேட்டைக்காரர் ஒரு மாலைப்பொழுதில் தொண்ணூறு ஈட்டிகளை முழு வேகத்தில் எறிந்திருக்கமாட்டார் என்று கருதுவதற்கு ஆய்வு ஏதும் தேவையில்லை.

குழந்தைப் பருவத்தில் எறிவதால் எலும்பின் வடிவமே மாறுகிறது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பிறக்கும்போது மேற்கை எலும்பின் மேல்முனை பின்னோக்கி முறுகியிருக்கிறது; வளர வளர அந்த முறுக்கு மெல்லத் தளர்ந்து குறைகிறது. எட்டு வயது முதல் தொடர்ந்து எறிந்துவரும் பிள்ளையின் எறியும் கையில் அந்தத் தளர்ச்சி தடைப்பட்டு, முறுக்கில் ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது; மற்றக் கையில் வழக்கம்போல் குறைந்துவிடுகிறது. இதன் பயனாக வளர்ந்த பிட்சரின் எறியும் கை மற்றக் கையைவிடக் கூடுதலாகப் பின்னால் சாய்கிறது. அந்தக் கூடுதல் சாய்வே விசையைச் சேமிக்க இடம் தருகிறது. இருபது வயதில் புதிதாக எறியத் தொடங்குபவருக்கு இந்த வாய்ப்பு இல்லை, ஏனெனில் அவருடைய எலும்பு இறுகிவிட்டது. ஆக, சிறு வயதில் எறிந்தே ஆக வேண்டும் என்பதும் உண்மை, சிறு வயதில் மிகுதியாக எறிந்தால் கேடு என்பதும் உண்மை. இளம் பிட்சரின் வளர்ப்பு இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

கேடு எங்கே நேர்கிறது? வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன; எலும்பு நீள்வது அங்கிருந்துதான். முழங்கையின் உட்புறத்து மேட்டில் உள்ள தட்டு முழுமையாக இறுகுவதற்குப் பதினைந்து வயதுக்கும் மேலாகலாம். பெரியவர்களுக்கு முழங்கையின் உட்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் அறுகிறது என்றால், பிள்ளைகளுக்கு அந்த நாரைவிட அது பற்றியிருக்கும் தட்டே மெலிந்தது என்பதால், இழுவிசையில் தட்டு வீங்குகிறது, விலகுகிறது, சில வேளைகளில் எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வருகிறது. மருத்துவர்கள் இதை 1960ஆம் ஆண்டிலேயே லிட்டில் லீக் முழங்கை என்று பெயரிட்டு எழுதினார்கள். தோளின் மேற்புறத்துத் தட்டிலும் இதேபோன்ற கோளாறு உண்டு. இரண்டுக்கும் முதல் மருந்து ஓய்வு. பெரும்பாலான பிள்ளைகள் சில மாத ஓய்வில் தேறிவிடுகிறார்கள். வலியை மறைத்துக்கொண்டு எறிபவர்களுக்குத்தான் நிலைமை முற்றுகிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் அணியின் முன்னே வலியை மறைப்பது இயல்பே.

பெரியவர்களின் முழங்கை நாருக்கான சிகிச்சையின் வரலாறு தனியே கூறத்தக்கது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சரான டாமி ஜான் 1974இல் அந்த நார் அறுந்து ஆட்டத்தை இழந்தார். அதுவரை அத்தகைய காயம் ஒரு பிட்சரின் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி. மருத்துவர் ஃப்ராங்க் ஜோப் அவருடைய மற்றக் கையின் மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அதை எட்டு வடிவில் கோத்துக் கட்டினார். மீண்டும் ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பது அவருடைய கணிப்பு. 1975 முழுவதும் ஓய்ந்திருந்த ஜான், 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் கிடைத்தவை. இந்த வெற்றியே பின்னாளில் ஒரு கெடுதலான நம்பிக்கைக்கும் வித்திட்டது. அந்த அறுவையைச் செய்துகொண்டால் முன்பைவிட வேகமாக எறியலாம் என்று நம்பி, காயமே இல்லாத பிள்ளைக்கு அதைச் செய்யச் சொல்லிக் கேட்கும் பெற்றோரும் அமெரிக்காவில் உண்டு என்று அறுவை மருத்துவர்களே வருந்திச் சொல்லியிருக்கிறார்கள்.

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இளம் பிட்சர்களைப் பற்றி நடத்திய ஆய்வுகள் இத்துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவை. 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சைக்கு உள்ளான பதின்வயதுப் பிட்சர்களைக் காயமின்றி ஆடியவர்களோடு ஒப்பிட்டது. ஆண்டுக்கு எட்டு மாதங்களுக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்கள் அறுவைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்றும், ஓர் ஆட்டத்தில் எண்பது பந்துகளுக்கு மேல் எறிந்தவர்களுக்கு நான்கு மடங்கு என்றும், கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு முப்பத்தாறு மடங்கு என்றும் அது காட்டியது. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு 481 இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஆண்டுக்கு நூறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுங்காய வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று கண்டது. இங்கே இன்னிங்ஸ் என்பது எதிரணியின் மூவர் ஆட்டமிழக்கும்வரை எறியும் ஒரு சுற்று. முப்பத்தாறு மடங்கு என்னும் எண்தான் இவற்றுள் எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது. களைப்பை அளக்கக் கருவி தேவையில்லை. பந்துகள் மேலே மேலே பறக்கத் தொடங்குவதும், பிள்ளை இரண்டு எறிகளுக்கு நடுவே தோளைச் சுழற்றிப் பார்ப்பதும், முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்வதும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும்.

லிட்டில் லீக் நெடுங்காலம் இன்னிங்ஸைக் கொண்டே வரம்பு வைத்திருந்தது. ஓர் இன்னிங்ஸ் பத்துப் பந்துகளிலும் முடியலாம், நாற்பது பந்துகளிலும் இழுக்கலாம் என்பதால் அந்த வரம்பு கையைக் காக்கவில்லை. 2007 முதல் பந்துகளையே எண்ணும் முறை வந்தது. இதன்படி ஒரு நாளில் ஏழு, எட்டு வயதினர் 50 பந்துகளும், ஒன்பது, பத்து வயதினர் 75 பந்துகளும், பதினொன்று, பன்னிரண்டு வயதினர் 85 பந்துகளும் மட்டுமே எறியலாம். பதின்மூன்று முதல் பதினாறு வரை 95. எறிந்த எண்ணிக்கைக்கேற்ற ஓய்வும் கட்டாயம்: பதினான்கு வயது வரையிலான பிள்ளை 66 பந்துகளைத் தொட்டுவிட்டால் நான்கு நாட்களுக்கு மேட்டில் ஏறக்கூடாது. 41 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தவர் அன்றைய பொழுதில், மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சர் பணியையும் ஏற்கக்கூடாது என்னும் விதியும் உண்டு. கேட்சரும் பிட்சர் அளவுக்கே எறிகிறார் என்பதை உணர்ந்து வைத்த நல்ல விதி இது. 2014இல் மேஜர் லீகும் அமெரிக்கத் தேசியப் பேஸ்பால் அமைப்பும் இணைந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்னும் வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆண்டில் நான்கு மாதங்களாவது எறியாமல் இருக்க வேண்டும், அவற்றில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டும், ஆண்டுக்கு எண்பது இன்னிங்ஸைத் தாண்டக்கூடாது என்று கூறுகிறது.

இளம் பிட்சர் என்ன கற்க வேண்டும் என்பதிலும் அந்த வழிகாட்டி சிக்கனமானது: முதலில் ஃபாஸ்ட்பால், அடுத்து சேஞ்ச்-அப், மற்றவை பிறகு. ஃபாஸ்ட்பால் என்பது சுட்டுவிரலையும் நடுவிரலையும் தையலின் குறுக்கே வைத்து முழு விசையோடு எறிவது. பந்து பின்சுழற்சியோடு நேராக வருகிறது. சேஞ்ச்-அப் என்பது அதே கையசைவோடு, ஆனால் பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடித்து எறிவது. கை அதே வேகத்தில் வருவதைக் கண்டு மட்டையாளர் முன்னதாகவே வீசிவிட, பந்து பின்னால் மெதுவாக வந்துசேர்கிறது. பந்தை மேலிருந்து கீழாக வளைக்கும் கர்வ்பால் பிள்ளைகளின் முழங்கையைக் கெடுக்கும் என்று பல தலைமுறையாக அமெரிக்கத் தந்தையர் எச்சரித்துவந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது கர்வ்பால் முழங்கைக்குத் தரும் சுமை ஃபாஸ்ட்பாலைவிடக் கூடுதலாக இல்லை. எனினும் எச்சரிக்கையில் பொருள் இல்லாமல் இல்லை: சிறுவர்கள் வளைபந்தை அடிக்கத் தெரியாதவர்கள் என்பதால் அதை எறியும் பிள்ளை எளிதில் வெல்கிறான், வெல்பவனே மேலும் மேலும் எறிய வைக்கப்படுகிறான், வேகப்பந்தை நினைத்த இடத்தில் போடும் அடிப்படையைக் கற்காமலே வளர்ந்துவிடுகிறான்.

நினைத்த இடத்தில் போடுவது எவ்வளவு தாமதமாகவும் கைகூடலாம் என்பதற்கு சாண்டி கூஃபாக்ஸின் வாழ்க்கை போதும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அவர் இளமையில் கூடைப்பந்தையே பெரிதும் விரும்பினார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும் கூடைப்பந்துக்காகவே. 1954 இறுதியில் டாட்ஜர்ஸ் அணி அவரைப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. அக்கால விதிப்படி, அத்தகைய தொகை பெற்ற இளைஞரைக் கீழ்நிலை அணிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்பதால், பத்தொன்பது வயதில் பக்குவமில்லாமலே உச்ச மேடையில் அமர்த்தப்பட்டார். ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. பந்து மின்னலாகப் போகும், எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. 1961 வசந்தகாலப் பயிற்சியின்போது ஓர் ஆட்டத்தில் கேட்சர் நார்ம் ஷெர்ரி, விசையைக் கொஞ்சம் குறைத்து எறிந்து பார்க்கும்படி சொன்னார். குறைத்தபோது பந்து நேராகச் சென்றது. வியப்பு என்னவென்றால் வேகமும் பெரிதாகக் குறையவில்லை. அந்த ஆண்டு அவர் 269 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் முறையில் வெளியேற்றி, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் 1903 முதல் நின்றிருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஆட்டத்தின் தலைசிறந்த பிட்சர் ஆனார். 1966இல் 27 வெற்றிகளோடு பருவத்தை முடித்து, முழங்கை மூட்டுவாதத்தால் முப்பது வயதில் விலகினார்.

அவருக்கு எதிர்முனையில் நிற்பவர் பாப் ஃபெல்லர். அயோவா மாநிலத்து வான் மீட்டர் என்னும் சிற்றூரின் பண்ணையில் வளர்ந்த அவருக்காகத் தந்தை வயலின் ஒரு பகுதியை ஒதுக்கி ஓர் ஆடுகளமே அமைத்துக் கொடுத்தார். 1936இல் பதினேழு வயதுப் பள்ளி மாணவராக இருந்தபோதே கிளீவ்லேண்ட் அணிக்காகத் தம் முதல் முழு ஆட்டத்தில் பதினைந்து பேரையும், சில வாரங்களில் இன்னோர் ஆட்டத்தில் பதினேழு பேரையும் ஸ்ட்ரைக் முறையில் வெளியேற்றிவிட்டு, பருவம் முடிந்ததும் பள்ளிப் படிப்பை முடிக்க ஊர் திரும்பினார். ஃபெல்லரைப் போன்றவர்களைக் காட்டித்தான் பெற்றோர் தம் பிள்ளைகளை விரட்டுகிறார்கள். ஆனால் ஃபெல்லர் அரிதினும் அரிது, ஓர் அரிய உடலை வைத்து எல்லா உடல்களுக்கும் விதி வகுக்க முடியாது.

லிட்டில் லீக் முதலில் சிறுமிகளைச் சேர்க்க மறுத்தது என்பதும், நியூ ஜெர்சியில் நடந்த வழக்கையடுத்து 1974இல்தான் கதவைத் திறந்தது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கவை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், ஃபிலடெல்பியாவின் பதின்மூன்று வயது மோனே டேவிஸ் உலகப் போட்டியில் எதிரணி ஓர் ஓட்டமும் எடுக்காதபடி முழு ஆட்டத்தையும் எறிந்து வென்ற முதல் சிறுமி ஆனார். மணிக்கு 70 மைல் வேகம் அவரிடம் இருந்தது. அதைவிட, காலும் இடுப்பும் தோளும் ஒன்றையொன்று முந்தாமல் அசையும் ஒழுங்கு அவரிடம் இருந்தது.

ஜப்பானில் இதே சிக்கல் வேறு முகம் கொள்கிறது. 1915இல் தொடங்கிய, கோஷியென் என்று அரங்கின் பெயராலேயே அழைக்கப்படும் உயர்நிலைப் பள்ளிகளின் கோடைக்காலப் போட்டி அந்நாட்டில் ஒரு தேசியத் திருவிழா. தோற்ற அணியின் பிள்ளைகள் அழுதுகொண்டே களத்து மண்ணைப் பையில் அள்ளிச் செல்வதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். ஒரே பிட்சர் எல்லா ஆட்டங்களையும் தாங்கி நிற்பது அங்கே வீரமாகக் கருதப்பட்டது. 1998இல் யோகோஹாமா பள்ளியின் டைசுகே மட்சுசாகா காலிறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்துகள் எறிந்தார். மறுநாள் அரையிறுதியின் கடைசி இன்னிங்ஸில் மீண்டும் எறிந்தார். அதற்கு அடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 2013 வசந்தகாலப் போட்டியில் பதினாறு வயது டொமோஹிரோ அன்ராகு ஐந்து ஆட்டங்களில் 772 பந்துகளும், 2018 கோடையில் கோசெய் யோஷிதா 881 பந்துகளும் எறிந்தார்கள். விவாதம் முற்றியபின், ஒரு வாரத்தில் ஒரு பிட்சர் 500 பந்துகளைத் தாண்டக்கூடாது என்ற விதி 2020இல் வந்தது. அமெரிக்க வரம்புகளோடு வைத்துப் பார்த்தால் இது வரம்பே அல்ல.

அந்த விதிக்கு முந்தைய கோடையில் நடந்த ஒரு நிகழ்ச்சி கூடுதல் கவனத்துக்குரியது. மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து பெயர் பெற்றிருந்த ஓஃபுனாதோ பள்ளியின் ரோக்கி சசாகி, இவாதே மாவட்டப் போட்டியின் நடுவில் ஓர் ஆட்டத்தில் 12 இன்னிங்ஸ், 194 பந்துகள் எறிந்திருந்தார். கோஷியெனுக்குத் தகுதி பெறுவதற்கான இறுதி ஆட்டத்தில் அவரைப் பயிற்சியாளர் களமிறக்கவில்லை. காயம் ஏற்படாமல் தடுப்பதே காரணம் என்றார். அணி 12க்கு 2 என்று தோற்றது, பள்ளிக்குக் கண்டன அழைப்புகள் குவிந்தன. 2022 ஏப்ரலில் இருபது வயது சசாகி தொழில்முறை ஆட்டத்தில் எதிரணியில் ஒருவரையும் தளமேற விடாமல், தொடர்ச்சியாகப் பதின்மூன்று பேரை ஸ்ட்ரைக் முறையில் வெளியேற்றி வென்றபோது, அந்தப் பயிற்சியாளரின் முடிவு மீண்டும் நினைக்கப்பட்டது. 2025இல் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அவர் தோள் வலியால் சில மாதங்கள் ஒதுங்கினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓய்வு காயத்துக்கு எதிரான காப்புறுதி அல்ல, காயத்தின் வாய்ப்பைக் குறைக்கும் வழி மட்டுமே.

உச்ச நிலையில் நடப்பது கீழே உள்ள பிள்ளைகளைப் பாதிக்காமல் விடுவதில்லை. மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைலாக இருந்தது, 2024இல் 94.2 ஆகிவிட்டது. கைபேசியளவுக் கருவியில் வேகத்தைக் காட்டும் பயிற்சிக்கூடங்களும், தேர்வாளர்கள் முன்னிலையில் பிள்ளைகள் முழு விசையில் எறிந்து காட்டும் காட்சிப் போட்டிகளும் பெருகிவிட்டன. 2024 இறுதியில் மேஜர் லீக் அமைப்பே வெளியிட்ட அறிக்கை, பிட்சர்களின் காயங்கள் பெருகியதற்கு இந்த வேக வேட்டையை முதன்மைக் காரணமாகச் சுட்டியது. வேகம் மட்டும் ஒரு பிட்சரை உருவாக்காது என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு சோதனையே சான்று. 2008இல் ஓர் அமெரிக்க முகவர் இந்தியாவில் நடத்திய எறிதல் போட்டியில், பேஸ்பாலை அறியாத, ஈட்டி எறிந்து பழகிய உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமானார்கள். இருவருக்கும் கை இருந்தது, பத்தாண்டு ஆட்டப் பழக்கம் இல்லை. இருவரும் கீழ்நிலைத் தொடர்களைத் தாண்டவில்லை, ரிங்கு சிங்குக்கு முழங்கை அறுவையும் தேவைப்பட்டது.

பந்தெண்ணும் விதிகள் எல்லாவற்றிலும் ஓர் ஓட்டை உண்டு. விதி ஓர் அமைப்புக்குள் மட்டுமே செல்லும். பிள்ளையோ ஊர் அணியில் சனிக்கிழமையும், ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணியில் ஞாயிறும், பள்ளி அணியில் செவ்வாயும் எறிகிறான். ஒரு பயிற்சியாளருக்கு மற்றவரின் கணக்குத் தெரியாது. தெரிந்தாலும் தன் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. மூன்று அணிகளின் எண்ணிக்கையையும் கூட்டிப் பார்க்கக்கூடியவர்கள் அவனை அழைத்துச் சென்று அழைத்து வரும் தாயும் தந்தையும் மட்டுமே. ஒவ்வொரு ஆட்டத்தின் பந்துகளையும், வலி சொன்ன நாளையும், ஓய்ந்த மாதங்களையும் அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும் முதல் நாளிலேயே அந்தக் குறிப்பேட்டோடு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.